திருமலைப் பொன்னும் ரேணிகுண்டா தண்டவாளமும்

திருப்பதிக்கு வரும் அன்பர்கள் மலைமேல் ஆனந்த நிலைய விமானத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிடுகிறார்கள். கிருஷ்ணதேவராயர் 1518-ம் ஆண்டில் அதற்குப் பொன் வேய்ந்தார். மலையிறங்கி ரேணிகுண்டா ஜங்ஷனுக்கு வந்தால் காலடியில் கிடப்பது எஃகுத் தண்டவாளம். பொன் சுத்தியலுக்கு வளைந்து கொடுக்கிறது. எஃகு ஆயிரக்கணக்கான டன் சரக்கு வண்டியைத் தாங்குகிறது. இரண்டும் உலோகம்தானே, ஏன் இந்த வித்தியாசம்?

உப்புக் கல்லைத் தட்டினால் பொடியாகிறது. ஒரு கிராம் தங்கத்தையோ அடித்து அடித்து ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தாளாக்கி விடலாம். அந்தத் தாளின் கனத்தில் இருப்பவை சுமார் 220 அணு அடுக்குகளே! அணுவின் நடுவில் உட்கரு உண்டு என்று ரூதர்போர்டு 1911-ல் அறிவித்ததும் இத்தகைய மெல்லிய தங்கத் தாளை வைத்து நடந்த சோதனையின் பலன்தான்.

காரணம் இதுதான். உப்பில் ஒவ்வோர் அணுவுக்கும் ரிசர்வேஷன் பெட்டி போல இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. நேர் மின்னேற்றமும் எதிர் மின்னேற்றமும் மாறி மாறி உட்கார்ந்திருக்கின்றன. ஒரு வரிசை நகர்ந்தால் ஒரே இனம் எதிரெதிரே வந்து ஒன்றையொன்று தள்ள, கல் பிளந்து விடுகிறது. உலோகம் அன்ரிசர்வ்டு பெட்டி. ஒவ்வோர் அணுவும் தன் வெளி எலெக்ட்ரான்களைப் பொதுவில் விட்டுவிடுகிறது. பக்கத்தில் யார் வந்தாலும் சரி, ஒட்டிக்கொள்ளும். (நம் ஊர்ப் பெட்டிகளில் சண்டையும் வருவதுண்டு!) உலோகம் பளபளப்பதும் ரயில் பாதைக்கு மேலே செல்லும் செம்புக் கம்பியில் மின்சாரம் பாய்வதும் இந்தப் பொது எலெக்ட்ரான்களின் வேலைதான்.

அணு வரிசைகள் முழுதாக ஒரே மூச்சில் நகர்வதில்லை. கூட்ஸ் வண்டி கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். கொக்கிகள் ஒவ்வொன்றாக இறுகி, வாகன் பின் வாகனாக அசையும். உலோகத்துக்குள்ளும் அடுக்கில் உள்ள ஒரு குறை சிறிது சிறிதாக ஊர்ந்து செல்ல, வரிசை இடம் மாறுகிறது. இதை 1934-ல் டெய்லர், ஒரோவான், போலான்யி ஆகிய மூவரும் தனித்தனியே சொன்னார்கள்.

வழிமறிக்கும் அந்நியர்

அந்த ஊர்தலைத் தடுத்தால் உலோகம் கடினமாகும். கோலார் தங்க வயலில் நம்மவர்கள் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கித் தோண்டிய தங்கமும் சுத்தமாக இருந்தால் நகைக்கு மெத்தென்றிருக்கும். எனவே 22 காரட்டில் ஆயிரத்தில் 916 பங்கு மட்டுமே தங்கம். கூடச் சேரும் செம்பின் அணு சிறியது. அளவு பொருந்தாமல் இடறி நின்று வழியை மறிக்கிறது. வெள்ளி அணு தங்கத்தின் அளவே இருப்பதால் அவ்வளவு கடினம் தருவதில்லை. பத்தர் நகையை இடையிடையே நெருப்பில் காட்டுவதும் இதே கணக்குதான். அடிக்க அடிக்கக் குறைகள் ஒன்றோடொன்று சிக்கி நகை இறுகுகிறது. சூடு அந்தச் சிக்கலை அவிழ்க்கிறது.

தண்டவாள எஃகில் அந்நியர் கரி. 0.6 முதல் 0.8 சதவீதம்தான். அந்தச் சொற்பக் கரி, இரும்போடு கூடி மெல்லிய கடின அடுக்குகளாக நின்று, சக்கரங்களின் தேய்ப்பைத் தாங்க வைக்கிறது.

சித்திரை வெயிலில்

ஆனால் உஷ்ணத்தைக் கரி தடுக்காது. சூடேறினால் அணுக்கள் அதிகம் அதிர்கின்றன, இடம் கேட்கின்றன. நிழலில் 42 டிகிரி என்றால் தண்டவாளம் 60-ஐத் தாண்டும். 13 மீட்டர் நீளமுள்ள தண்டவாளம் 30 டிகிரி கூடினால் நாலரை மில்லிமீட்டர் நீளும். பழைய பாதையில் இடைவெளி விட்டதும், 'தடக் தடக்' சத்தம் வந்ததும் அதனால்தான்.

இன்றைய நீண்ட பற்றவைப்புப் பாதையில் அந்த இடைவெளி இல்லை. நீள இடமின்றி விசை உள்ளேயே தேங்குகிறது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் ஒரு டிகிரிக்குச் சுமார் 1.9 டன்! 30 டிகிரிக்கு 57 டன். ஸ்லீப்பரும் ஜல்லியும் கெட்டியாகப் பிடிக்காவிட்டால் பாதை பாம்பு போல் நெளியும். வண்டி தடம் புரளும். இதைத் தவிர்க்க, அந்த வட்டாரத்தின் வெப்ப நிலைகளுக்கு நடுவான ஓர் அளவில் தண்டவாளத்தைத் தளர்த்தி மறுபடி இறுக்குகிறார்கள்.

அதோடு விடுவதில்லை. நண்பகலில் நீங்கள் மின்விசிறியின் கீழ் அமர்ந்திருக்கும்போது, ஜல்லி சிதறியிருக்கிறதா, பாதை எங்கேனும் வளைந்திருக்கிறதா என்று பார்த்தபடி ஒரு தொழிலாளி சுத்தியலும் கொடியுமாகப் பாதையோரம் நடந்து கொண்டிருப்பார். கோடையில் வண்டி எங்காவது மெதுவாகச் சென்றால் ஜன்னல் வழியே பாருங்கள், அவர் அங்கே நிற்கக்கூடும்.