நாய்க்குட்டிக்கு ஒரு பெயர்

பாஸ்குத் திருநாள் முடிந்த வாரம். வீடு மந்திரிப்பதற்காக வேப்பூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் தெருத் தெருவாகச் சென்றுகொண்டிருந்தோம். உபதேசியார் தீர்த்தச் செம்புடன் முன்னே நடந்தார். அங்கே ஒரு வீட்டின் தலைவர் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் சூளை வேலை பார்ப்பவர். அவர் வீட்டு மாடத்தில் காது உடைந்த பீங்கான் நாய்ப் பொம்மை ஒன்று எப்போதும் இருக்கும். விலை போகாது என்று ஒதுக்கப்பட்டதை அவர் எடுத்து வந்து வைத்திருந்தார். இம்முறை அந்தப் பொம்மையின் கீழே, பழைய சாக்கின்மேல், உயிருள்ள குட்டியொன்று சுருண்டு கிடந்தது.

"தோத்திரம் சாமி! இதுக்கும் கொஞ்சம் தீர்த்தம் தெளிங்க. அப்படியே ஒரு பேரும் வைங்க" என்றாள் அவ்வீட்டின் மூன்றாவது மகள். ஐந்தாம் வகுப்பில் படிப்பவள்.

குட்டி வந்த வரலாற்றைத் தந்தை கூறினார். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் போய்த் திரும்பும் வழியில், கூட்டுரோட்டருகே, வாய் கட்டப்பட்ட சாக்கு ஒன்று அசைவதைக் கண்டாராம். அவிழ்த்துப் பார்த்தால் நான்கு குட்டிகள். மூன்று மாண்டிருந்தன. நான்குமே பெட்டை.

பெயர் பற்றி வீட்டில் ஏற்கனவே வழக்கு நடந்திருந்தது. அண்ணன் 'டைகர்' என்றான். அக்காள் 'ரோசி' என்றாள். பாட்டியோ, "பொட்டைக் குட்டிக்குப் பேரு ஒண்ணுதான் கேடு! நாளைக்கு ஆறு குட்டி போடும். யாரு சோறு போடறது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிறுமி பாட்டியைப் பார்க்கவில்லை. நம்மைப் பார்த்தாள். "பொட்டைன்னுதானே சாமி சாக்குல கட்டிப் போட்டாங்க? ஆணா பொண்ணான்னு கண்டுபிடிக்க முடியாத மாதிரி ஒரு பேரு சொல்லுங்க."

"ஞாயிற்றுக்கிழமை சொல்கிறோம் அம்மா" என்று கூறி வெளியே வந்தோம். வழியில் உபதேசியார் மெதுவாகச் சொன்னார்: "ஞானஸ்நானப் புத்தகத்தில் அந்தப் பிள்ளைக்கு நல்ல பெயர் இருக்கிறது சாமி. வீட்டில் மட்டும் 'போதும்பொண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள்."

அதன்பின் அக்கேள்வியை விளையாட்டாக எண்ண நம்மால் இயலவில்லை.

இலக்கணம் கண்ட பொதுப்பெயர்

அன்று இரவு பழைய இலக்கண நூல்களைப் புரட்டினோம். சிறுமி கேட்டது புதுமையன்று. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வழங்கும் பெயர்களைத் தொல்காப்பியர் 'விரவுப்பெயர்' என்று தனியே வகுத்துள்ளார். அவற்றுள் ஒருவகைக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு 'கோதை' என்பது. கோதை வந்தான், கோதை வந்தாள், கோதை வந்தது என மூன்றும் பிழையற்ற தமிழே. சேர மன்னர்கள் கோதை எனப் பெயர் பூண்டனர். வில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரின் மகளும் கோதையே. ஆண், பெண், விலங்கு மூன்றையும் ஒரே பெயர் நாணமின்றி ஏற்றிருக்கிறது.

அதே தொல்காப்பியத்தின் மரபியலில் நாய்க்கும் இடமுண்டு. நாயின் குட்டிக்குக் 'குருளை' என்று பெயர். பெண்நாய்க்குப் 'பிணவு' என்பதோடு, 'பாட்டி' என்ற பெயரும் அங்கே கூறப்பட்டுள்ளது! இதனை அவ்வீட்டுப் பாட்டியிடம் சொல்லும் துணிவு நமக்கு இன்றுவரை வரவில்லை.

நன்னூலார் இன்னொரு நுட்பம் கூறுகிறார். உவப்பு மிகும்போது அஃறிணையை உயர்திணையாகச் சொல்வது குற்றமாகாது. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்கிறோம் அல்லவா? அதுபோலவே சினத்தாலும் இழிப்பாலும் திணை மாறுவதும் உலகில் உண்டு என்கிறார். ஆக, அன்பு விலங்கை மனிதனாக உயர்த்தும். இகழ்ச்சி மனிதனை விலங்காகத் தாழ்த்தும். ஒரே பெயர் இவ்விரண்டு வேலைகளையும் செய்ய வல்லது. நாய்க்குப் பெயர் வைப்பவர் நின்று எண்ணவேண்டிய இடம் இதுவே.

பிறர் எவ்வாறு பெயரிட்டனர்?

தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரத்தில் விலங்குகளுக்குப் பெயரிடும் பொறுப்பை ஆண்டவர் மனிதனிடம் ஒப்படைக்கிறார். எனினும் தோபித்து ஆகமத்தில் இளைஞன் தோபியாவுடன் வழிநடந்து, அவனோடு வீடு திரும்பிய நாய்க்குப் பெயர் ஏதும் கூறப்படவில்லை. அது ஆணா பெண்ணா என்பதும் நமக்குத் தெரியாது. உடன் நடந்தது என்பதே போதுமானதாயிற்று.

தூரின் நகரில் தொன் போஸ்கோவைக் கொடியவர்களிடமிருந்து காத்த பெரிய நாயை அவர் 'கிரீஜியோ' என்று அழைத்தார். சாம்பல் நிறத்தது என்பது பொருள். இத்தாலிய மொழியில் அது பெண்ணாயின் ஈற்றை மாற்றிக் 'கிரீஜியா' என்றே சொல்லவேண்டும். நம் தமிழில் அத்தொல்லை இல்லை. ஜப்பானில் இறந்துபோன தன் தலைவருக்காக 1925 முதல் 1935 வரை சிபுயா இரயில் நிலையத்தில் காத்திருந்த நாயின் பெயர் 'ஹாச்சி'. அந்நாட்டு மொழியில் எட்டு என்று பொருள். எண்ணுக்கு ஆண் பெண் ஏது?

1957 நவம்பர் 3ஆம் நாள் உருசியர் விண்வெளிக்கு அனுப்பிய 'லைக்கா'வை அறியாதார் இலர். அது மாஸ்கோ நகரத் தெருவில் திரிந்த பெண்நாய். குரைப்பது என்னும் பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினர். திரும்பி வரும் வழியேதும் செய்யாமலே அனுப்பினர். உலகமெல்லாம் அதன் பெயரைச் சொல்லிற்று; ஆனால் பெயர் அதனைக் காக்கவில்லை. பெயர் சூட்டுவது ஒரு தொடக்கமே. அதற்குப்பின் காக்கும் கடமை இருக்கிறது.

நம் நாட்டு வேட்டை நாய்களுள் 'கன்னி' என்றோர் இனம் தென்மாவட்டங்களில் புகழ்பெற்றது. அவ்வினத்து ஆண்நாயும் கன்னியே. எவரும் அதனைக் கேலி செய்வதில்லை.

பெயர் யாரைச் சுடும்?

முத்து, தங்கம், மணி, அன்பு, மலர், செல்வம் என ஆணுக்கும் பெண்ணுக்கும் வழங்கும் பெயர்கள் தமிழில் ஏராளம். இவற்றுள் நாய்க்கென்றே தலைமுறை தலைமுறையாய் வழங்கிவருவது 'மணி'. ஈரெழுத்து; உரக்க அழைக்க எளிது; பாலுக்கு நெடுந்தொலைவு கேட்கும்படி இகரத்தில் முடிவது. இரத்தினமும் மணி, நெல்லும் மணி, கோயிலில் ஒலிப்பதும் மணி.

ஆனால் ஓர் இடர் இருந்தது. நம் உபதேசியாரின் பெயரும் 'மணி' என்றே முடிகிறது. ஊரார் அவரை அவ்வாறே அழைக்கின்றனர்.

இதனை அற்பமென்று தள்ளலாகாது. தம் வயலில் உழைத்த ஏழையின் பெயரையே தம் நாய்க்குச் சூட்டி, அவர் காதுபட 'ஏய், இங்கே வா!' என்று அழைத்துச் சிரித்த பெருந்தனக்காரர்களை நாம் பார்த்திருக்கிறோம். கூப்பிட்டது நாயைத்தான் என்பர். குத்தியது எவரை என்பது ஊருக்கே தெரியும். அத்தகைய வீட்டில் நாய்க்குக் கிடைத்த சோறு அம்மனிதருக்குக் கிடைத்ததா என்பது வேறு கேள்வி.

ஆகவே ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியாரிடமே கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "எங்கப்பாவை அப்படித்தான் சாமி ஒருவர் கூப்பிட்டார்" என்றார். நாம் வேறு பெயர் தேடலாமென வாயெடுக்குமுன் அவரே தொடர்ந்தார்: "அவர் கேட்காமல் வைத்தார். நீங்கள் கேட்டீர்கள். அந்தப் பிள்ளை கேட்டால் நான் தருகிறேன்."

சிறுமி நேரே அவரிடம் வந்தாள். "மாமா, உங்க பேரை எங்க குட்டிக்கு வச்சுக்கலாமா?" என்றாள். "வச்சுக்கம்மா. நீ கூப்பிட்டா ரெண்டு பேருமே வர்றோம்" என்றார் உபதேசியார்.

பெற்றோர் கவனத்திற்கு

குட்டிக்குப் பெயர் தேடும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். ஈரெழுத்து, மூவெழுத்துப் பெயரே நன்று. 'வா', 'போ', 'உட்கார்' போன்ற ஏவல்களின் ஓசையை ஒத்திருத்தல் ஆகாது. வீட்டார் அனைவரும் ஒரே பெயரால் அழைக்கவேண்டும். சோறு வைக்கும்போது பெயரைச் சொல்லுங்கள்; அடிக்கும்போது சொல்லாதீர்கள். பெயரைக் கேட்டால் அது ஓடி வரவேண்டுமேயன்றி ஒளியக்கூடாது. அண்டை வீட்டார் பெயராயின் அவரைக் கேட்டே வையுங்கள்.

மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, கால்நடை மருத்துவர் சொல்லும் முறைப்படி ஆண்டுதோறும் தொடரவேண்டும். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். பெட்டை நாய் குட்டி போட்டுப் பெருகும் என்று அஞ்சுவோர்க்குக் கருத்தடை அறுவை மருத்துவம் இருக்கிறது. வாய் கட்டிய சாக்கு வேண்டாம்.

இறுதியாக ஒன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, 6 வயது வரையுள்ள 1000 ஆண்குழந்தைகளுக்குத் தமிழகத்தில் 943 பெண்குழந்தைகள் இருந்தனர். நம் கடலூர் மாவட்டத்திலோ 896 பேரே. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2011இல் நம் மாவட்டத்திற்கும் கொண்டுவர நேர்ந்தது. குறைந்துபோன அக்குழந்தைகளுக்கு எவரும் பெயர்கூட வைத்திருக்கமாட்டார்கள். தப்பிப் பிறந்த சிலருக்கு 'போதும்' என்று பெயர் வைத்தோம். பிள்ளைகள் நாய்க்குட்டியின் பெயரில் ஆண் பெண் வேற்றுமையை மறைக்க விரும்பினால், அவ்விருப்பத்தைக் கற்றுக்கொடுத்தவர் நாமே.

சென்ற மாதம் மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றோம். காது உடைந்த பீங்கான் நாய் மாடத்திலேயே இருந்தது. மாலை மங்கியும் மணியைக் காணவில்லை. பாட்டி தெருவாசலில் நின்று, கண்ணுக்குமேல் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் முதலில் தோத்திரம் சொல்லவில்லை.

"சாமி, வர்ற வழியில எங்க மணியைப் பாத்தீங்களா? இந்நேரத்துக்கு வந்துடுவாளே!" என்றார்.

வந்துவிடுமே என்று அவர் சொல்லவில்லை. நன்னூலார் கூறிய உவப்பு அதுவே. பின்னாலேயே வீட்டுக்குள்ளிருந்து சிறுமி வந்தாள். பாட்டி அவளைத் திரும்பிப் பார்த்து, ஞானஸ்நானப் புத்தகத்தில் உள்ள பெயரைச் சொல்லி அழைத்து, "போய்த் தேடிட்டு வாம்மா" என்றார்.