கோடு விழும் கம்பளி நூல்: வாங்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள்

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தில் குடியிருக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தானா ராத்தா பக்கம் ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம். பொழுது சாய்ந்தால் குளிர் முதலில் காலைத்தான் பிடிக்கும். பிள்ளைகள் பாடம் எழுத உட்கார்ந்தாலும், பெரியவர்கள் தொலைக்காட்சி முன்னே உட்கார்ந்தாலும், காலுக்கு ஒரு கம்பளிக் காலுறை இருந்தால் எவ்வளவு சுகம்! கீழே ஊரில் இருப்பவர்களும் மலைமேல் உள்ள உறவினருக்கோ, குளிர் நாட்டில் படிக்கப் போன பிள்ளைக்கோ பின்னிக் கொடுக்க ஆசைப்படுகிறார்கள்.

இப்போது கடைகளில் ஒருவகை நூல் கிடைக்கிறது. கையால் சாயம் தோய்த்தது. ஒரே நூலை வைத்துப் பின்னிக்கொண்டே போனால் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கோடுகள் தாமாகவே விழும். நூலை மாற்ற வேண்டியதில்லை. பார்த்தவுடன் கை நீளும். ஆனால் விலையைக் கேட்டால் கை தானாகவே பின்வாங்கும்! ஒரு சிட்டத்தின் விலை ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டுவதும் உண்டு. அவ்வளவு கொடுத்து வாங்குவதைப் பார்த்து வாங்க வேண்டாமா?

கோடு போட்ட காலுறை நேற்று வந்த நாகரிகம் அல்ல. எகிப்து நாட்டில் அன்டினூபோலிஸ் என்ற பழைய நகரத்தின் குப்பைமேட்டில் ஒரு குழந்தையின் இடது கால் உறை கிடைத்தது. கி.பி. 300 வாக்கில் செய்யப்பட்டது. இன்று அது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலும் பல நிறக் கோடுகள்! 2018-இல் ஆய்வாளர்கள் அதைச் சிதைக்காமல், பலவித ஒளியில் படமெடுத்து ஆராய்ந்தார்கள். சிவப்புக்கு ஒரு செடியின் வேர், நீலத்துக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று என மூன்றே மூன்று செடிச் சாயங்களைக் கலந்தும் மாற்றியும் அத்தனை நிறங்களையும் உண்டாக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. பிள்ளையின் காலில் அழகு பார்க்கும் ஆசை தாய்மாருக்கு ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளாக இருக்கிறது பாருங்கள்.

கோடு எப்படி விழுகிறது?

பல நிறம் உள்ள நூல் எல்லாம் கோடு போடாது. இதுதான் முதலில் தெரிய வேண்டியது. சாதாரணச் சிட்டம் ஒன்றரை மீட்டர் சுற்றளவு கொண்டது என்று வையுங்கள். அதை அப்படியே பரப்பி நான்கு இடத்தில் நான்கு சாயம் ஊற்றினால் ஒவ்வொரு நிறமும் ஒரு முழம் நீளம்கூட வராது. பின்னும்போது ஒரு சுற்று முடியும் முன்பே நிறம் மாறிவிடும். கோடு வராது, திட்டுத் திட்டாகத்தான் வரும். அதுவும் அழகுதான். ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்லவே.

கோடு விழ வேண்டுமானால் சாயக்காரர் நூலை வெகு நீளமான சுற்றாகச் சுற்றி, மீட்டர் கணக்கில் ஒவ்வொரு நிறமாகத் தோய்க்க வேண்டும். பிறகு பிரித்து மறுபடி சிறிய சிட்டமாகச் சுற்ற வேண்டும். விலை ஏறுவதற்கு இந்த வேலையும் ஒரு காரணம்.

இதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரியவர் காலுறைக்கு மெல்லிய நூலில், இரண்டே கால் அல்லது இரண்டரை மில்லிமீட்டர் ஊசியில், 64 கண்ணி போடுவது வழக்கம். ஒரு சுற்றுப் பின்ன ஏறக்குறைய 60 முதல் 65 சென்டிமீட்டர் நூல் பிடிக்கும். ஐந்து சுற்று அகலத்தில் ஒரு கோடு வேண்டுமானால் ஒரு நிறம் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அதே நூலில் 48 கண்ணி போட்டுச் சின்னப் பிள்ளைக்குப் பின்னினால் கோடு ஆறேழு சுற்றாக அகலும். 72 கண்ணி போட்டு ஆண்களுக்குப் பின்னினால் நான்கரைச் சுற்றுக்குக் குறுகும். ஆகவே கடையில் தொங்கும் மாதிரிக் காலுறையைப் பார்த்து, "எனக்கும் இப்படியே வரும்" என்று எண்ணிவிடாதீர்கள். கடைக்காரரிடம் "ஒரு நிறம் எத்தனை மீட்டர்?" என்று கேளுங்கள்.

எவ்வளவு வாங்குவது?

100 கிராம் சிட்டத்தில் ஏறக்குறைய 400 மீட்டர் இருக்கும். ஒரு சோடிக்குப் போதும். ஆறு நிறம், ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் என்றால், முதல் நிறம் திரும்பி வர 18 மீட்டர் ஆகும். இரண்டு காலும் ஒரே மாதிரி இருக்க, இரண்டையும் ஒரே நிறத்தின் ஒரே இடத்தில் தொடங்க வேண்டும். அதற்காக 18 மீட்டர் வரை ஒதுக்க நேரிடலாம். கால் பெரியவர்களுக்குப் பின்னுவோர் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கைச்சாயம் ஒவ்வொரு தொட்டிக்கும் சற்று மாறும். "பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்று விட்டால் அதே நிறம் கிடைக்காது. தேவையானதை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள்.

குதிகாலில் கோடு கலையும். அங்கே பாதிக் கண்ணிகளில் மட்டும் பின்னுவதால் கோடு இரண்டு மடங்கு அகலும். பிறகு பக்கத்தில் கண்ணி எடுத்துச் சேர்க்கும்போது குறுகும். இது உங்கள் தவறு அல்ல. பிடிக்காவிட்டால் குதிகாலுக்கும் விரல் நுனிக்கும் தனியாக ஒரே நிற நூலை வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இதை வலியுறுத்துகிறேன் என்று பிறகு சொல்கிறேன்.

நூலின் தன்மையும் முக்கியம். நான்கில் மூன்று பங்கு கம்பளி, ஒரு பங்கு நைலான் கலந்த நூல் காலுறைக்கு உழைக்கும். தனிக் கம்பளி குதிகாலில் சீக்கிரம் தேய்ந்துவிடும். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று சீட்டில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் சுடுநீரிலும் தேய்ப்பிலும் கம்பளி சுருங்கி, அப்பாவின் காலுறை தம்பிக்கு ஆகிவிடும்!

சாயம் போகுமா?

ஈரமான வெள்ளைத் துணியால் நூலைச் சற்று அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால், பின்னும் முன் வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டு, நீர் தெளியும் வரை அலசுங்கள். கம்பளிச் சாயம் புளிப்பும் சூடும் சேர்ந்தால்தான் இழையில் பிடிக்கும். அதனால் வினிகர் கலந்த நீரில் நூலை மெதுவாகச் சூடேற்றி, கிளறாமல், அதே நீரில் ஆறவிடுவதும் உண்டு. அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். பருத்தி நூலுக்கு இந்த வினிகர் வேலை செய்யாது. அதன் சாயமே வேறு.

ஒரு கசப்பான பாடம்

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன். என் தாயாருக்குப் பல ஆண்டுகளாக இனிப்புநீர். பாதத்தில் உணர்வு குறைந்துவிட்டது. அவருக்காக நல்ல விலை கொடுத்து, கருஞ்சிவப்பும் கறுப்பும் காப்பி நிறமுமாக ஒரு நூல் வாங்கிப் பின்னிக் கொடுத்தேன். "அழுக்குத் தெரியாது" என்று பெருமையாகவும் சொன்னேன். அழுக்கு மட்டுமா தெரியவில்லை? சுண்டு விரலடியில் புண் வந்து இரத்தம் கசிந்ததும் தெரியவில்லை. அம்மாவுக்கு வலியும் இல்லை. நாற்றம் வந்த பிறகுதான் கண்டோம். மருத்துவமனையில் அந்த விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அங்கே ஒரு தாதி, "வெள்ளைக் காலுறையாக இருந்தால் முதல் நாளே பார்த்திருப்பீர்கள், டீச்சர்" என்றார். அந்தச் சொல் இன்னும் என் மனத்தில் இருக்கிறது.

2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நம் வீடுகளில் அது இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே அப்படிப்பட்டவருக்குப் பின்னுவோர் இவற்றை மனத்தில் வையுங்கள்.

வெளிர் நிறங்களையே எடுங்கள். பாலாடை வெள்ளை, இளமஞ்சள், இளநீலம் ஆகியவற்றிலும் கோடு அழகாகத்தான் விழும். கோடு காலைச் சுற்றி வருவதால் உள்ளங்காலிலும் எல்லா நிறமும் வரும் என்பதை மறக்காதீர்கள். விரல் நுனியையும் குதிகாலையும் வெள்ளை நூலில் பின்னுங்கள். மேல் விளிம்பு இறுக்கிப் பிடிக்கக் கூடாது. விரல் நுனியைத் தடித்த தையலாக மூடாமல் கண்ணியோடு கண்ணி சேர்த்து மூடுங்கள்.

இந்த நூலில் ஒரு நன்மையும் உண்டு. பல உருண்டை மாற்றிக் கோடு போட்டால் உள்ளே முடிச்சும் நூல் முனையும் நிற்கும். உணர்வற்ற பாதத்தை அவை உரசும். தானே கோடு விழும் நூலில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் சிட்டத்தின் நடுவில் முடிச்சு வந்தால் அதை உள்ளங்காலுக்குள் விட்டுவிடாதீர்கள். வெள்ளை நூல் சேரும் இடத்தின் முனைகளையும் மேல்பாதம் பக்கமாகக் கொண்டுவந்து நன்றாகச் செருகிவிடுங்கள்.

எந்த நிறம் வாங்கினாலும், இரவில் காலுறையைக் கழற்றி, பாதத்தை விரலிடுக்கு வரை வெளிச்சத்தில் பார்ப்பதற்கு ஈடாகாது. நாள்தோறும் துவைத்ததையே போடச் சொல்லுங்கள். அதற்கு இரண்டு சோடியாவது வேண்டும். இப்போது அம்மாவுக்கு வெள்ளையில் இளமஞ்சள் கோடு போட்டு இரண்டு சோடி பின்னி வைத்திருக்கிறேன். இரவு எட்டு மணிக்கு என் மகள் பாட்டியின் காலைப் பார்க்கிறாள். காலுறையின் உட்புறத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாளியில் போடுகிறாள்.