சொட்டு மருந்தா, சிரப்பா? ராத்திரி நேரத்தில் நடக்கும் 5 மில்லி தவறு!

போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி 11 மணிக்கு ஒரு வயது பாப்பாவுக்குக் காய்ச்சல். "போன தடவை டாக்டர் 5 மில்லி கொடுக்கச் சொன்னார்ல, அதையே கொடுத்துடு" என்றார் அண்ணி. அலமாரியில் இருந்த பாராசிட்டமால் பாட்டிலை எடுத்து, அளவு மூடியில் ஊற்றினேன். பாதி ஊற்றிய பிறகுதான் பாட்டில் ரொம்பச் சின்னதாக இருப்பது உறைத்தது. அது சிரப் இல்லை, சொட்டு மருந்து.

கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து என்றால் வீரியம் கம்மி என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். விஷயம் நேர் எதிர். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250 மில்லிகிராம் மருந்து இருக்கும். சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம். பச்சிளம் பிள்ளை கொஞ்சமாகத்தான் விழுங்கும் என்பதால் அடர்த்தியாகத் தயாரிக்கிறார்கள்.

குழந்தைகளுக்கு வயதைவிட எடைதான் கணக்கு. கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். எங்கள் பாப்பா 10 கிலோ. அதிகபட்சம் ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம், அதாவது சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. நான் ஊற்றப்போன 5 மில்லியில் இருந்தது 500 மில்லிகிராம். பெரியவர்கள் போடும் முழு மாத்திரை!

அதையே ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்துக்கொண்டே போயிருந்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம். முதல் நாள் பெரிதாக எந்த அறிகுறியும் தெரியாது என்பதுதான் இதில் பயமே. மாற்று மருந்து உண்டு. ஆனால், 8 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். சில சளி சிரப்புகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் முன் லேபிளைப் படியுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டவே வேண்டாம், ஆளுக்கொரு சைஸ். பாட்டிலோடு வரும் டிராப்பர் அல்லது அளவு மூடி போதும்.

பூஜை அறையையும் பாருங்க!

கற்பூரம் தவழும் குழந்தைக்குக் கல்கண்டு மாதிரிதான் தெரியும். விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். பீரோவில் போடும் அந்துருண்டையும் ஆபத்து. மண்ணெண்ணெய், பினாயிலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

குழந்தை எதையாவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் வாந்தியோடு நுரையீரலுக்குள் போனால், வயிற்றில் இருப்பதைவிட மோசம். குடித்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 24 மணி நேரமும் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117.

பெரியவர்கள் விஷயம் வேறு ரகம். எங்கள் பாட்டி மாத்திரை அட்டையைக் கத்தரித்து, இரண்டிரண்டாகச் சுருக்குப்பையில் வைப்பார். பெயர் ஒரு துண்டில், காலாவதி தேதி இன்னொரு துண்டில். பிரஷர் மாத்திரை எது, சுகர் மாத்திரை எது என்று கேட்டால், "வெள்ளை காலைல, ரோஸ் ராத்திரி" என்பார். கடைக்காரர் கம்பெனி மாற்றிக் கொடுத்தால் ரெண்டுமே வெள்ளையாகிவிடும், பாட்டி!

அண்ணி இப்போது சொட்டு மருந்து பாட்டிலில் சிவப்பு மார்க்கரால் '1.5 மட்டும்' என்று எழுதி, தேதியும் போட்டு வைத்திருக்கிறார். பாப்பா எடை கூடக் கூட, டாக்டரிடம் கேட்டு மாற்றி எழுதணுமாம்.