தீப்பெட்டிக் காசு

சாத்தூரில் எங்கள் தெருவில் 1970களில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. எந்தத் திண்ணையில் தீப்பெட்டி குவியல் குவியலாகக் காய்கிறதோ, அந்த வீடுதான். என் சின்ன அத்தை பதினாறு வயதில் பெட்டி ஒட்ட உட்கார்ந்தாள். கல்யாணம் 1978 வைகாசியில். நடுவில் ஐந்து வருடம் அவள் கை காய்ந்து நான் பார்த்ததில்லை. எப்போதும் பசைதான்.

தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ‘ஆபீஸ்’ என்போம். ஆபீசிலிருந்து மெல்லிய மரச்சீவலும் நீலத்தாளும் கட்டுக்கட்டாக வரும். மைதாப் பசையில், பூச்சி அரிக்காமலிருக்க, மயில்துத்தம் கலந்திருக்கும். தாள்களைப் பலகையில் வரிசையாகப் பரப்பி, ஒரே இழுப்பில் பசை தடவி, சீவலை வைத்து மடித்து, மூலையை அழுத்திக் குவியலில் வீச வேண்டும். அத்தை கையைப் பார்க்கவே மாட்டாள். வாய் கதை பேசும், கண் தெருவில் போகிறவர்களை எடைபோடும், கை பாட்டுக்கு ஒட்டிக்கொண்டே இருக்கும். 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். குரோசுக்குக் கூலி சில பைசாக்கள்தான்.

சனிக்கிழமை கூலி வரும். பாதி பாட்டி கைக்குப் போகும். மீதி அத்தையின் சிறுவாடு. அதை அவள் எங்கே வைத்திருந்தாள் என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். குதிருக்குப் பின்னால், ஓட்டை விழுந்த உழக்குக்குள். பத்து வயதுப் பையன் வாயை அடைக்க வாரம் ஒரு பொட்டலம் காராச்சேவு செலவாகும். அந்தச் செலவையும் அவள் கணக்கில் வைத்திருந்தாள் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

சிக்கனம் என்றதும் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பேசுகிறார்கள். எனக்கு நினைவில் இருப்பது சிரிப்புச் சத்தம். சாயந்திரமானால் ஐந்தாறு பெண்கள் எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். நடுவில் ஒரு டிரான்சிஸ்டர், இலங்கை வானொலி. பாட்டின் முதல் இசை வந்ததுமே படப் பெயரைச் சொல்கிறவளுக்கு மற்றவர்கள் ஆளுக்குப் பத்துப் பெட்டி ஒட்டித் தர வேண்டும் என்று பந்தயம். கோடையில் வைப்பாற்று மணலில் விளைந்த வெள்ளரிப்பிஞ்சு கூடையில் வரும். உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுக் கடித்துக்கொண்டே, யாருக்கு எந்த ஊரிலிருந்து ஆள் வந்து பார்த்தார்கள், மாப்பிள்ளைக்கு மீசை இருந்ததா, மாமியாருக்கு வாய் எப்படி என்றெல்லாம் அலசுவார்கள். மாப்பிள்ளையைப் பெண் ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டாள். அத்தை பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் காபி தம்ளருக்கு மேலாக.

கல்யாணம் நெருங்கியதும் வேலை வீட்டுக்குள்ளே திரும்பியது. மாவு இடிக்க உலக்கை இரவல், அதிரசப் பாகு பதம் பார்க்கப் பக்கத்துத் தெருக் கிழவி, அப்பளம் இட நாலு வீட்டுப் பெண்கள். காசாகக் கைமாறியது கொஞ்சம். உழைப்பாகக் கைமாறியதுதான் அதிகம். இந்த வீட்டுக்கு அவர்கள் இடித்தால் அந்த வீட்டுக்கு இவர்கள் இடிக்க வேண்டும். தென்னங்கீற்றுப் பந்தல் வாசலிலேயே. சீலைக்குக் காஞ்சிபுரம் போகவில்லை. முகூர்த்தத்துக்கு ஒரு பட்டு, மற்றதெல்லாம் சின்னாளபட்டி. பத்திரிகை சிவகாசியில் அடித்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகை இருக்கன்குடி மாரியம்மனுக்கு. தாத்தா போட்டிருந்த ஏலச்சீட்டு மட்டும் கையை விரித்தது. சீட்டுப் பிடித்தவர் ஒரு நாள் இரவோடு இரவாகக் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்துவிட்டார். அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை. கடைசியில் இரண்டு ஆட்டை விற்றுத்தான் அரிசி வாங்கினார்கள்.

அந்த வருடம் பவுன் விலை 600 ரூபாய்க்குள்தான். அத்தையின் ஐந்து வருடச் சிறுவாடு ஒன்றேகால் பவுனாயிற்று. பத்தர் வீட்டிலேயே போய் உட்கார்ந்து, குமுட்டியில் தங்கம் உருகுவதைக் கண்கொட்டாமல் பார்த்து, ஒரு ஜோடி ஜிமிக்கியும் ஒரு மூக்குத்தியும் செய்து வாங்கினாள். துணைக்கு நானும் போனேன். திரும்பி வரும் வழியில் ஜிமிக்கியைச் சுருட்டிய தாளை அவள் என் கையில் கூடத் தரவில்லை.

*

அத்தைக்கு இப்போது 68 வயது. அவளுடைய மகன் வயிற்றுப் பேத்திக்குப் போன ஆவணியில், 2025 செப்டம்பர் 4ஆம் தேதி, திருப்பரங்குன்றத்தில் கல்யாணம். பெண் பி.காம். படித்தவள். மதுரையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். சம்பளம் 18,000 ரூபாய். மாப்பிள்ளை அதே ஊரில் மருந்து மொத்த வியாபாரக் கடையில் இருக்கிறார்.

கல்யாணச் செலவு முழுவதும் அவளுடைய செல்போனுக்குள் ஒரு கட்டம்போட்ட கணக்குத்தாளாக இருந்தது. அதை அவளும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் திறந்து எழுதலாம். மொத்தம் 4,00,000 ரூபாய்க்கு மேல் ஒரு காசு போகக் கூடாது, ஆளுக்குப் பாதி என்று இருவரும் முதலிலேயே பேசி வைத்துக்கொண்டார்கள். கோயிலில் தாலி கட்டு. பக்கத்தில் சின்ன மண்டபத்தில் சாப்பாடு, 300 இலை, இலைக்கு 230 ரூபாய், ஆக 69,000. முகூர்த்தப் பட்டு கோ-ஆப்டெக்சில். சொந்தக்காரப் பெண்களுக்கு இளம்பிள்ளைச் சேலை, ஆடித் தள்ளுபடியில். ஆடியில் கல்யாணச் சேலை எடுப்பதா என்று அத்தை முனகினாள். ஆடிப்பெருக்கன்று போய் எடுத்து வந்து அவள் வாயை அடைத்தார்கள். அலங்காரத்துக்குக் கல்லூரித் தோழி. பட ஆல்பத்துக்குத் தம்பியின் செல்போனும் திருமலை நாயக்கர் மகாலின் தூண்களும்.

எனக்கு முதலில் இது சிரிப்பாகத்தான் இருந்தது. காதலும் கத்தரிக்காயுமாக இருக்க வேண்டிய ஆறு மாதத்தைக் கூட்டல் கழித்தலில் கழிக்கிறார்களே என்று கேலி செய்தேன். “நீங்க ஒரு ஞாயித்துக்கிழமை கூட வாங்க மாமா” என்றாள். போனேன். பழைய பீரோ ஒன்று விலைக்கு இருப்பதாகச் செல்போனில் பார்த்து, விருதுநகர் வரை வந்திருந்தார்கள். பீரோக்காரர் 7,000 சொன்னார். மாப்பிள்ளை கதவைத் திறந்து மூடிப் பார்த்துத் தலையை ஆட்டினார்; இவள் உள்தட்டில் விரலை ஓட்டித் துருவைக் காட்டினாள். ஒருவர் பேச்சை மற்றவர் எடுத்துக்கொடுத்த விதம் பத்து வருடம் குடித்தனம் நடத்தியவர்கள் மாதிரி இருந்தது. 5,200க்கு முடித்துவிட்டு, மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டார்கள். எனக்கும் சேர்த்து 340 ரூபாய். அதையும் அங்கேயே கணக்குத்தாளில் ஏற்றினாள், ‘பீரோ – இதர செலவு’ என்று.

திண்ணைச் சிரிப்பு போய்விட்டதே என்று புலம்பிக்கொண்டிருந்த நான் அன்றைக்கு அந்தப் புலம்பலை விட்டேன். சிரிப்பு இடம் மாறியிருக்கிறது. அன்று அது கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கும் அவளுடைய தோழிகளுக்கும் நடுவில் இருந்தது. மாப்பிள்ளை அதற்கு வெளியே. இன்று கட்டிக்கொள்ளப் போகிற இருவருக்கும் நடுவில் இருக்கிறது. தோழிகள் வாட்சாப்பில் கைதட்டுகிறார்கள். இழப்பு உண்டுதான். மாவு இடிக்க வந்த நாலு வீட்டு உறவு, இலைக்கு 230 ரூபாயில் கிடைக்காது.

எல்லா வீட்டிலும் இப்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். இதே வருடம் எங்கள் தெருவில் இன்னொரு கல்யாணம். ட்ரோன், செண்டை மேளம், மேடைக்குப் பின்னால் பெரிய திரை. பெண்ணின் அப்பா வாங்கிய தனிநபர் கடனுக்கு மாதத் தவணை போய்க்கொண்டிருக்கிறது, அடுத்த மகளின் கல்யாணம் வரைக்கும் போகும். அன்றைக்கு ஊருக்குக் காட்ட ஒரு பந்தல் போதும். இன்றைக்குக் காட்ட வேண்டிய ஊர் செல்போனுக்குள் இருக்கிறது, அதற்கு எல்லை கிடையாது.

சிக்கனத்தின் இருட்டான பக்கமும் நம் ஊர்களில் உண்டு. கல்யாணத்துக்குக் காசு சேர்க்க வேண்டும் என்ற ஒரே கவலையைத் தூண்டிலாக வைத்து, கொங்குப் பக்கத்து நூற்பாலைகள் பல ஏழை வீட்டுப் பெண்களை அழைத்துப் போயின. மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை, முடிவில் மொத்தமாக முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ. அதற்குப் பெயர் சுமங்கலித் திட்டம். நடுவில் உடம்புக்கு முடியாமல் திரும்பிய பெண்களில் பலருக்கு அந்த மொத்தத் தொகை கிடைக்கவில்லை.

அரசும் கல்யாணக் காசைப் பற்றி நினைத்துக்கொண்டுதான் இருந்தது. 1989இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தபோது 5,000 ரூபாய். பெண் எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும். பிறகு தொகை ஏறியது; 2011இல் தாலிக்கு 4 கிராம் தங்கம், 2016இல் 8 கிராம். 2022இல் அந்தத் திட்டம் புதுமைப் பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றானது. கல்யாணம் வரைக்கும் காத்திருந்த பணம் கல்லூரிக்கே வந்துவிட்டது. அத்தையின் பேத்திக்குக் கடைசி வருடம் அது கிடைத்தது. செலவழிக்காமல் வைத்திருந்தாள். வேலை கிடைத்த பிறகு அந்தக் கணக்கிலேயே ஆர்.டி. தொடங்கி மாதம் 3,000 கட்டினாள். இரண்டு வருடத்தில் 72,000.

கல்யாணத்துக்கு முந்தின மாதம் பவுன் 75,000 ரூபாயை ஒட்டி நின்றது. அத்தை ஐந்து வருடம் தீப்பெட்டி ஒட்டி ஒன்றேகால் பவுன் வாங்கினாள். பட்டம் படித்து வேலைக்குப் போகும் பேத்தி இரண்டு வருடம் கட்டியது ஒரு பவுனுக்கே போதவில்லை. செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. அத்தையின் மகன் தன் பங்குக்குத் தாலிக்கும் ஒரு சங்கிலிக்கும் ஏற்பாடு செய்திருந்தார். பேத்தியின் பணத்துக்கு நகைதான் எடுக்க வேண்டும் என்று அத்தை ஒற்றைக்காலில் நின்றாள். பேத்தியோ வாடகை வீட்டு அட்வான்சுக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் என்று எழுதி வைத்திருந்தாள்.

“காதுல கழுத்துல இல்லாம ஒருத்தி வாசப்படி தாண்டுவாளா?” என்றாள் அத்தை.

“அப்பத்தா, நீ அந்த ஜிமிக்கிய எத்தன நாளு போட்ட?”

அத்தை யோசிக்கவே இல்லை. “நூத்திப் பத்து நாளு” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜிமிக்கி அடகுக்குப் போனது தெரியும். கிணற்றைத் தூர்வாரி மோட்டார் வைக்கப் புரட்டாசியில் மாமா வாங்கிப் போனார். வட்டி ஏறி மூழ்கிப் போனது. அதை நாட்கணக்கில் 47 வருடமாக அவள் மனசுக்குள் வைத்திருந்தது தெரியாது. அவளைக் கேட்டுத்தான் வாங்கினார்களா என்று கேட்டேன். “அப்பல்லாம் கேப்பாகளா?” என்றாள். பிறந்த வீட்டு நிலத்திலும் அவளுக்கு ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது 1989இல். அதற்கு முன்பே கல்யாணமானவர்கள் அதில் சேரவில்லை. 2005இல் மத்தியச் சட்டம் திருந்தி வந்தபோது எங்கள் வீட்டில் விற்பதற்குக் கூட நிலம் மிச்சமில்லை. ஆக, அவள் கொண்டு போன சொத்து முழுவதும் தானே ஒட்டிய பெட்டிகளின் காசு. அதன் மேலும் அவளுக்கு 110 நாள்தான் உரிமை.

அந்தக் காலத்துப் பெண்கள் எவ்வளவு சிக்கனம் என்று மேடைகளில் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்கு இப்போது எரிச்சல் வருகிறது. சேர்க்கத் தெரிந்தவள் அவள். செலவழிக்கும் அதிகாரம் மட்டும் வேறொருவர் கையில் இருந்தது. அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் எது என்று என்னைக் கேட்டால், மண்டபத்தையோ பட்டையோ சொல்ல மாட்டேன். கணக்குத்தாளைத்தான் சொல்வேன்.

அத்தை அதற்குப் பிறகு நகைப் பேச்சை எடுக்கவில்லை. மொய்யில்தான் கடைசிச் சண்டை. பத்திரிகையில் ‘அன்பளிப்பு வேண்டாம்’ என்று போட வேண்டும் என்றார்கள் பிள்ளைகள். “இருபது வருசமா ஊரெல்லாம் போட்டது திரும்பி வர வேண்டாமா?” என்று பெண்ணின் அப்பா குரலை உயர்த்தினார். அவர் சொல்வதும் நியாயம். மொய் அன்பளிப்பல்ல, வட்டியில்லாக் கைமாற்று. கடைசியில் சாத்தூர்க்காரர்களுக்கு மட்டும் மொய் நோட்டு என்று முடிவாயிற்று. அத்தை கல்யாணத்து நோட்டில் இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயுமாக இருக்கும்; நடுநடுவே ‘அரிசி ஒரு படி’. இந்த நோட்டில் 200க்குக் குறைந்து ஒரு வரி இல்லை. மேசையில் க்யூஆர் அட்டையும் வைத்திருந்தார்கள். அதில் மொய் செய்தவர்களின் பெயரையும் நோட்டில் எழுதச் சொல்லி அப்பா பக்கத்திலேயே நின்றார்.

மொத்தச் செலவு 4,11,600 வந்தது. 11,600 எங்கே மிஞ்சியது என்று இருவரும் மறுவீட்டுக்கு வந்த இடத்தில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தார்கள். பூவும் வேனும் என்று தெரிந்தது.

மறுமாதமே அவள் தபால் நிலையத்தில் புதிதாக ஓர் ஆர்.டி. தொடங்கியிருக்கிறாள். மாதம் 2,000 ரூபாய், ஐந்து வருடத்துக்கு, தன் பெயரில். எதற்கு என்று அத்தை கேட்டாளாம். இன்னும் முடிவு பண்ணவில்லை என்று சொன்னாளாம்.