இரண்டாவது ஆம்ப்ளிஃபயர் எதற்கு?

மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி; அதிலிருந்து ஐந்து குழாய்கள். ஒன்றை மட்டும் திறந்தால் தண்ணீர் சீறிப் பாயும். ஐந்தையும் ஒருசேரத் திறந்தால்? ஒவ்வொன்றிலும் வேகம் குறைந்துவிடும். வீட்டுத் திரையரங்கு ஒலியமைப்பிலும் இதுபோன்ற ஒன்றே நிகழ்கிறது.

'5.1' எனப்படும் அமைப்பில் நமக்கு முன்னே இடம், நடு, வலம் என மூன்று ஸ்பீக்கர்களும், பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டும் இருக்கும். மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கென உள்ள 'சப்-ஊஃபர்' என்பதையே புள்ளிக்குப் பின்வரும் 1 குறிக்கிறது. பெரும்பாலும் சப்-ஊஃபருக்குள் சொந்தப் பெருக்கி உண்டு. மற்ற ஐந்தையும் இயக்குவது 'ரிசீவர்' என்னும் ஒரே பெட்டி. அதனுள் ஐந்து பெருக்கிகள் இருந்தாலும் அவற்றுக்கு மின்சாரம் தருவது பொதுவாக ஒரே மின்மாற்றிதான். அதுவே நம் தொட்டி!

'வழி ஒன்றுக்கு 100 வாட்' என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும். 'இரு வழிகள் மட்டும் இயங்கும்போது' என்பது பொடி எழுத்தில் இருக்கும். ஐந்து வழிகளும் ஒரே நேரத்தில் முழுத்திறனைக் கேட்டால் அந்த 100 வாட் பல ரிசீவர்களில் கிடைப்பதில்லை. முன்னிரு ஸ்பீக்கர்களைத் தனி ஸ்டீரியோ பெருக்கி ஒன்றிடம் ஒப்படைப்பது, இரு குழாய்களுக்குத் தனித்தொட்டி கட்டுவதற்கு ஒப்பாகும்.

இதனால் ஒலி இருமடங்காகிவிடுமா? ஆகாது. நம் செவியின் கணக்கு வேறு. 100 வாட்டை 200 ஆக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். இருமடங்கு உரக்கக் கேட்பதாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு திறன் வேண்டும்.

அப்படியானால் பயன்தான் என்ன? அமைதியான உரையாடலுக்கு ஒரு வாட் அளவே போதும். ஆனால் திடீரென ஓர் இடி முழக்கம் 20 டெசிபல் உயர்ந்து எழுந்தால், அந்த நொடியில் 100 மடங்கு திறன் தேவை. அதைத் தர இயலாதபோது பெருக்கி அலையின் முகடுகளை வெட்டிவிடுகிறது. ஒலி கரகரக்கிறது, உயர்ந்த ஒலிகளைத் தரும் 'டுவீட்டர்' சூடேறி எரிந்து போகவும் கூடும். மேலும், 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் தர சுமார் 28 வோல்ட்டும் 3.5 ஆம்பியரும் தேவை. அதே 28 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கர் 7 ஆம்பியர் இழுக்கும். இத்தகைய வேளைகளில்தான் தனிப் பெருக்கி கைகொடுக்கிறது.

இனி, இணைக்கும் முறையைக் காண்போம். ரிசீவரின் பின்புறத்தில் 'ப்ரீ-அவுட்' துளைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். திறன் கூட்டப்படாத, ஒரு வோல்ட் அளவிலான மெல்லிய குறிகை அங்கே கிடைக்கும். முன் இடம், வலம் என்னும் இரு துளைகளிலிருந்து கம்பியை ஸ்டீரியோ பெருக்கியின் உள்வாயிலுக்குக் கொண்டு செல்லுங்கள். முன்னிரு ஸ்பீக்கர்களை ரிசீவரிலிருந்து கழற்றி, புதிய பெருக்கியில் பூட்டுங்கள். பெருக்கியின் ஒலிக்குமிழை ஓர் இடத்தில் நிறுத்தி, அடையாளம் இட்டு, பின்னர் ரிசீவரின் குமிழால் மட்டுமே ஒலியைக் கூட்டிக் குறையுங்கள். ஸ்பீக்கர்களின் ஒலியளவையும் மீண்டும் சமன்செய்தல் வேண்டும். இல்லையேல் பக்க ஒலிகளில் நடு ஸ்பீக்கரின் வசனம் மூழ்கிப்போகும்.

எப்போதும் ரிசீவரை முதலிலும் பெருக்கியைக் கடைசியிலும் போடுங்கள். அணைக்கும்போது பெருக்கியை முதலில் அணையுங்கள். ஸ்பீக்கரில் 'டொம்' என்ற அதிர்ச்சி ஏற்படாது.

இரு எச்சரிக்கைகள். ஒரே ஸ்பீக்கரில் இரு பெருக்கிகளின் கம்பிகளையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஒன்றின் மின்னோட்டம் மற்றொன்றுக்குள் பாய்ந்து அதைப் பாழாக்கும். அடுத்தது உயிரைப் பற்றியது. இரு கருவிகளை இணைத்ததும் சில வீடுகளில் 'உம்' என்ற ரீங்காரம் கேட்கும். நிலத்தொடர்புக் கம்பிகள் ஒரு வளையமாகி, வீட்டு மின்சாரத்தின் 50 சுற்று அதிர்வை உள்ளே விடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். சிலர் பிளக்கின் 'எர்த்' முனையைக் கழற்றிவிட்டு, ரீங்காரம் நின்றதென மகிழ்வர். உள்ளே மின்கம்பி விலகி உலோகப் பெட்டியைத் தொட்டால், தொடுபவரைக் காக்க வேண்டியது அந்த முனையே அன்றோ? இரு கருவிகளையும் ஒரே மின்பலகையில் செருகிப் பாருங்கள். பல வீடுகளில் அதுவே போதும்.

சிறிய அறையில் மெல்லிய ஒலியில் படம் பார்ப்பவருக்கு இந்தச் செலவு வீண். அவர் ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து சற்று நகர்த்தி வைத்துப் பார்த்தாலே மாற்றம் தெரியும். அதற்குக் காசு வேண்டாம். பெரிய கூடமும் 4 ஓம் ஸ்பீக்கர்களும் உடையவர்க்கே இரண்டாவது தொட்டி பயன் தரும். ஆகவே, வாங்குமுன் உங்கள் வீட்டில் தண்ணீர் உண்மையிலேயே குறைகிறதா என்று பாருங்கள்!