விளாமரத்தடியில் வீணாகும் ஜாம்

கடந்த நல்லூர்த் திருவிழாவுக்கு பிரான்சிலிருந்து வந்த சித்தி, உடுப்புகளுக்கு நடுவே சுற்றி ஒரு சின்னப் போத்தல் கொண்டுவந்தார். அவருடைய வீட்டுக்குப் பின்னால் நிற்கும் அத்திமரத்துப் பழத்தில் அவரே காய்ச்சிய ஜாம். பெரியம்மா பாணில் பூசி ஒரு கடி கடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இதுக்குத் தேசிக்காய் விட்டனியோ?" என்று கேட்டார். சித்தி விட்டுத்தான் இருந்தார். அது எப்படித் தெரிந்தது என்று அவருக்கு ஆச்சரியம்.

பெரியம்மா அத்திப்பழ ஜாமைச் சுவைத்தது அன்றுதான். ஆனால் முல்லைத்தீவு மாவட்டத்தில், தன் காணியில் நிற்கும் விளாமரத்துப் பழத்தில் பல வருடங்களாக ஜாம் காய்ச்சி விற்கிறவர் அவர். இனிப்பு மட்டுமே உள்ள பழம் தன்பாட்டில் இப்படி இறுகி நிற்காது, யாரோ புளிப்புச் சேர்த்திருக்க வேண்டும் என்பது அவருக்கு நாக்கில் பட்டவுடனேயே விளங்கிவிட்டது.

(எங்கள் வாய்க்கால் கரைகளில் நிற்கும் அத்தி வேறு, பிரான்சின் அத்தி வேறு. இரண்டும் ஒரே குடும்பம். நம்முடையதில் காய் சிறியது, கொத்துக் கொத்தாக மரத்தண்டிலேயே காய்க்கும். பழுத்ததைப் பிளந்தால் உள்ளே பெரும்பாலும் பூச்சி இருக்கும். அதில் ஜாம் காய்ச்ச யாரும் முயல வேண்டாம்.)

இந்தக் கட்டுரை விளாம்பழத்தைப் பற்றியது. வன்னியிலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் அது மரத்தடியில் கிடந்து பழுதாகிறது. யானைக்கும் அது பிடித்த பழம் என்பதால், பழக்காலத்தில் காட்டோரக் காணிகளில் இரவில் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. அதே நேரம் பக்கத்துக் கடையில் தெற்கிலிருந்து வந்த விளாம்பழ ஜாம் போத்தல் அடுக்கியிருக்கும். திவுல் என்ற பெயரில் சிங்கள மக்கள் நெடுங்காலமாக விரும்பிச் சாப்பிடும் பழம் அது. நாங்களோ பிள்ளையாருக்குப் படைப்பதோடும், சீனியோ சர்க்கரையோ போட்டுக் குழைத்துச் சாப்பிடுவதோடும் பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறோம்.

பெரியம்மா குடும்பம் மெனிக் பாமிலிருந்து காணிக்குத் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டுமே இருந்தது. கிணறு தூர்ந்திருந்தது. விளாமரம் மட்டும் நின்றது, ஒரு பக்கக் கிளைகள் முறிந்தபடி. ஆனால் அது நின்ற மூலை மிதிவெடிப் பலகை நட்டிருந்த பக்கம். அந்தப் பகுதியை வெடிகள் அகற்றித் தரும்வரை மரத்தடிக்குப் போகவே முடியவில்லை. பழங்கள் விழும் சத்தத்தைத் தகரக் கொட்டிலுக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொல்வார்.

பிறகு ஒரு நிறுவனம் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கென்று மூன்று நாள் ஜாம் பயிற்சி நடத்தியது. சான்றிதழ் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். கலந்துகொண்ட பெண்களில் பெரும்பாலானோர் ஒரு முறை காய்ச்சிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். சிலருக்கு இறுகவில்லை, சிலருக்குப் பூஞ்சணம் பிடித்தது. பெரியம்மாவின் முதல் இருபது போத்தல்களும் கடையிலிருந்து திரும்பி வந்தன. செய்முறையைத் தாளில் எழுதிக் கொடுத்தவர்கள், அது ஏன் அப்படி என்று சொல்லிக் கொடுக்கவில்லை. கைப்பக்குவம் இல்லை என்று அந்தப் பெண்கள் தங்களைத் தாங்களே நொந்துகொண்டார்கள். கைப்பக்குவத்துக்கு இதில் அதிக இடமில்லை. வேண்டியது ஒரு தராசு.

பழத்தைக் கெடாமல் வைத்திருப்பது நமக்குப் புதிது அல்ல. பனம்பழத்துக் களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்துப் பனாட்டு எடுக்கிறோம். களியிலுள்ள தண்ணீர் போய்விடுவதால் அது மாதக்கணக்கில் கிடக்கிறது. பாணிக்குள் ஊறப்போட்டால் இன்னும் நீண்ட காலம் நிற்கும். ஜாமிலும் வேலை அதேதான். வித்தியாசம், தண்ணீரில் ஒரு பகுதியைக் கொதிக்கவைத்து வெளியேற்றுகிறோம், மிச்சத்தைச் சீனி பிடித்து வைத்துக்கொள்கிறது. பூஞ்சணமும் மதுவமும் வளர்வதற்குத் தேவையான தண்ணீர் அங்கே இருக்கும், ஆனால் அவற்றின் கைக்கு எட்டாது. முடிந்த ஜாமில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு, அதாவது நூற்றுக்கு 65 முதல் 68 வரை, சீனியும் பழத்தின் கரைந்த சத்துகளுமாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். வீட்டில் நீரிழிவுக்காரர் இருந்தால் இந்தக் கணக்கை அவருக்கும் சொல்லிவிடுங்கள். வீட்டில் செய்தது என்பதற்காகச் சீனி குறைந்துவிடாது.

கெடாமல் இருப்பது ஒன்று, இறுகுவது இன்னொன்று. இறுக்குவது பெக்ரின் என்ற பொருள். பழங்களின் கலங்களை ஒட்டவைத்திருக்கும் பசை அது. அந்தப் பசை வலைபோலப் பின்னிக்கொள்ள அமிலமும் வேண்டும், போதிய சீனியும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சட்டியில் இருப்பது பாணிதான். அத்திப்பழத்தில் அமிலம் குறைவு, அதனால்தான் சித்தி தேசிக்காய்ச்சாறு விட்டார். விளாம்பழத்தில் புளிப்பும் தாராளம், பெக்ரினும் தாராளம். சதையில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை பெக்ரினே இருக்கிறது. ஜாமுக்கென்றே படைத்தது போன்ற பழம்.

ஒரு நிபந்தனை உண்டு. பழம் அதிகம் கனிந்தால் பெக்ரின் உடையத் தொடங்கும். நல்ல வாசமாக, குழைந்து, உடனே சாப்பிடத் தூண்டும் பழத்தில் மட்டும் ஜாம் காய்ச்சினால் இறுகாமல் போகலாம். மூன்று பங்கு பழுத்ததும் ஒரு பங்கு இப்போதுதான் பழுக்கத் தொடங்கியதும் என்று கலப்பது பெரியம்மாவின் அளவு. ஓட்டைப் பார்த்து விளாம்பழத்தின் பக்குவத்தைச் சொல்ல முடியாது. ஒரு அடி உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் போட்டுப் பாருங்கள். காய் துள்ளும், பழம் துள்ளாது. துள்ளுவதை வெயில் படும் இடத்தில் சில நாட்கள் வைத்தால் பழுக்கும். உடைத்தபின் மணந்து பாருங்கள். உள்ளே சதை சுருங்கித் தூளாகவோ வெறுமையாகவோ இருந்தால் எறிந்துவிடுங்கள். யானை உண்ட விளாங்கனி என்று நம்மவர் சொல்வது அந்தப் பழத்தைத்தான். ஓடு உடையாமல் உள்ளே மட்டும் வெறுமையாவதற்கு யானை தேவையில்லை, நோயே போதும்.

சதையைக் கரண்டியால் வழித்து எடுத்து, ஒரு கிலோவுக்கு அரை லீற்றர் தண்ணீர் விட்டு, பத்து நிமிடம் மெல்லிய சூட்டில் வைத்து மசிக்க வேண்டும். இந்தச் சூட்டில்தான் பெக்ரின் சதையிலிருந்து பிரிந்து வரும். பச்சையாகக் கரைத்து வடிப்பவர்கள் அதில் ஒரு பகுதியைச் சக்கையோடு எறிகிறார்கள். பிறகு வடிப்பது. விளாம்பழத்தில் முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது. சின்னச் சின்ன விதைகளும் நாரும் சதையோடு பின்னிக் கிடக்கும். அரிதட்டில் போட்டுக் கையால் தேய்த்துத் தேய்த்துத்தான் களியை எடுக்க வேண்டும். ஒரு காலை முழுக்கத் தேய்த்தால் பெரியம்மாவின் விரல் நுனிகள் சுருங்கி வெளுத்துப்போயிருக்கும். அரைக்கும் இயந்திரத்தில் போட்டால் விதை உடைந்து ஜாம் கசக்கும்.

வடித்த களியை நிறுங்கள். அதே நிறைக்குச் சீனி. அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும், ஜாமில் உலோக வாசம் வரும். அடிப்பாகம் தடித்த சில்வர்ச் சட்டி நல்லது. களியைத் தனியே கொதிக்கவைத்துக் கொஞ்சம் தடித்தபின் சீனியைச் சேர்த்து, அது முழுதாகக் கரையும்வரை அடுப்பைத் தணித்து வைக்க வேண்டும். கரைந்தபின் பெருநெருப்பு. சீனி போட்ட பின் சின்ன நெருப்பில் மணிக்கணக்காக வைத்திருந்தால் நிறம் கறுக்கும், பெக்ரினும் உடையும். இந்தக் கட்டத்தில் ஜாம் எரிமலை மாதிரித் துப்பும். நீண்ட பிடியுள்ள அகப்பையும் முழுக்கைச் சட்டையும் அவசியம். பெரியம்மாவின் முழங்கையில் உள்ள தழும்புகளில் இரண்டு ஜாம் கொடுத்தவை. மற்றவற்றை அவர் பேசுவதில்லை.

எப்போது இறக்குவது? இங்கேதான் பயிற்சிக்குப் போனவர்கள் தவறினார்கள். பயிற்சியில் வெப்பமானி காட்டினார்கள், ஏறக்குறைய 105 பாகை செல்சியஸ் வந்ததும் இறக்கச் சொன்னார்கள். வீட்டில் யாரிடம் அது இருந்தது? குளிர்ந்த பீங்கானில் ஒரு துளி விட்டு விரலால் தள்ளினால் மேற்பரப்பு சுருங்க வேண்டும் என்பது நல்ல சோதனைதான், ஆனால் குளிர்சாதனப்பெட்டி இல்லாத தகரக் கொட்டிலில் மத்தியானம் இரண்டு மணிக்குப் பீங்கான் எப்படிக் குளிரும்? அவர் இப்போது நம்பியிருப்பது நிறையை. வெறும் சட்டியை முதலில் நிறுத்து எழுதிவைக்கிறார். ஒரு கிலோ சீனி போட்டால், முடிந்த ஜாம் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ இருக்க வேண்டும். அதைவிடக் கூட இருந்தால் தண்ணீர் மிச்சம், இன்னும் காய்ச்ச வேண்டும். மிகக் குறைந்துவிட்டால் ஆறியதும் கல்லாகும், சீனி மணி மணியாகப் படியவும் கூடும். திரும்பி வந்த முதல் இருபது போத்தல்களையும் அன்று நிறுத்திருந்தால் விடை தெரிந்திருக்கும். சீனி விலைக்குப் பயந்து முக்கால் பங்கு போட்டு, கேஸ் மிச்சம் பிடிக்க நேரத்தோடு இறக்கியிருந்தார். ஆனையிறவுப் பாதை மூடிக் கிடந்த காலங்களில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்து வளர்ந்த குடும்பத்துக்கு, ஒரு கிலோ களிக்கு ஒரு கிலோ சீனி என்றால் கை நடுங்கத்தான் செய்யும். ஆனால் மிச்சம் பிடித்த அந்தச் சீனி இருபது போத்தலையும் தின்றுவிட்டது.

போத்தல்களைத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, துடைக்காமல் கவிழ்த்துக் காயவிட வேண்டும். துவாயால் துடைத்தால் துவாயிலுள்ளது போத்தலுக்குள் போகும். ஜாம் நன்றாகச் சூடாக இருக்கும்போதே விளிம்புவரை நிரப்பி மூட வேண்டும். பழைய போத்தல் பாவிக்கலாம், பழைய மூடி கூடாது. உள்பக்க ரப்பர் ஒருமுறை அமுங்கினால் அடுத்த முறை காற்று போகும், ஊறுகாய் போட்ட மூடியென்றால் வாசமும் போகாது. பூஞ்சணம் பிடித்த ஜாமின் மேற்பகுதியை மட்டும் வழித்துவிட்டுச் சாப்பிடுகிறவர்கள் நம்மிடையே நிறையப்பேர். கண்ணுக்குத் தெரியாத பகுதி உள்ளே இறங்கியிருக்கும். முழுதாகக் கொட்டுங்கள்.

விற்பதென்றால் வேறு சில வேலைகளும் உண்டு. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள் வீட்டில் செய்து விற்பவருக்கும்தான். பெயர், சேர்ந்த பொருட்கள், தேறிய நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, செய்தவரின் முகவரி எல்லாம் சுட்டியில் இருக்க வேண்டும். பகுதிக்குப் பொறுப்பான பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வேலை தொடங்கும் முன்பே போய்ச் சந்தித்துக் கேட்டுக்கொள்வது, பின்னர் அவர் வந்து பார்ப்பதைவிட நல்லது. அந்த அலுவலகப் படிக்கட்டைக் கண்டே பின்வாங்கிய பெண்களை எனக்குத் தெரியும். விசாரணைக்கென்று கூப்பிடப்பட்டுப் பழகியவர்களுக்கு எந்த அலுவலகமும் ஒன்றுபோலத்தான் தெரியும். பெரியம்மா முதல் தடவை பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார்.

வருமானக் கணக்கில் ஒரு கிலோ களிக்கு 250 கிராம் போத்தல் ஆறு வர வேண்டும். சட்டியில் ஒட்டுவது போக ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சீனி, போத்தல், மூடி, சுட்டி, விறகு என்று அவர் எழுதி வைத்திருந்த கொப்பியில் ஒரு வரி இல்லை. பழம் தேய்த்த அந்தக் காலைப்பொழுதுக்குக் கூலி. அதையும் சேர்த்துத்தான் விலை வைக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, தன் மரம், தன் கை, அதற்கு என்ன காசு என்றார். அந்த விடயத்தில் நாங்கள் இன்னும் ஒத்துவரவில்லை. ஆனால் இயந்திரம் வாங்க நுண்கடன் தருகிறோம் என்று வாசலுக்கு வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பியதில் எனக்கு முழு உடன்பாடு. பழக்காலம் முடிந்தபின்னும் கிழமைத் தவணை முடியாது.

சித்தி திரும்பிப் போகும்போது நான்கு போத்தல் விளாம்பழ ஜாம் கொண்டுபோனார். அவர் கொண்டுவந்த அத்திப்பழ ஜாம் போத்தல் காலியாகி, இப்போது பெரியம்மாவின் குசினியில் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. மூடியை மட்டும் எறிந்துவிட்டார்.