விடை மட்டும் போதுமா?

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையிலே, பெரும்போக வேளாண்மை முழங்காலளவு வளர்ந்து நிற்கும் காலம். ஒருநாட் காலை, வயலின் ஒரு மூலை மஞ்சளித்து இலைநுனிகள் கருகியிருக்கக் காண்கிறான் உழவன். காரணம் யாது? வாவியின் உவர் ஏறியிருக்கலாம், பொற்றாசியச் சத்துக் குறைந்திருக்கலாம், எரிபந்தம் பற்றியிருக்கலாம், அறக்கொட்டி தூரிலிருந்து சாற்றை உறிஞ்சியிருக்கலாம். நான்கிற்கும் பரிகாரம் வேறு வேறு. உவர் கண்ட பயிருக்குக் கிருமிநாசினி தெளித்தால் பணமும் போகும், பயிரும் பிழைக்காது, தெளித்த நஞ்சு வடிநீரோடு வாவியை அடைந்து மீனுக்கும் இறாலுக்கும் கேடு செய்யும்.

இத்தகைய வேளையில் அனுபவமிக்க வட்டவிதானையாரையோ விவசாய போதனாசிரியரையோ நாடுவது வழக்கம். இன்று கைத்தொலைபேசியில் இலையைப் படமெடுத்துச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கவும் வழி பிறந்திருக்கிறது. இவ்வறிவு எவ்வாறு உண்டாகிறது? பெயர் குறித்த ஆயிரக்கணக்கான படங்களைக் கணினிக்குக் காட்டிப் பழக்குகிறார்கள். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக ஆய்வாளர் 2022 இல் வெளியிட்ட நெற்பயிர்ப் படத்தொகுதி இதற்கு நல்ல உதாரணம். அதில் 16,225 படங்கள் உள்ளன. நோயும் பூச்சித் தாக்கமுமாகப் பன்னிரண்டு, நலமான பயிர் ஒன்று என அவை 13 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன.

ஆயினும், கணக்கிலே விடையை மட்டும் எழுதிச் செய்முறையைக் காட்டாத மாணவனை ஆசிரியர் நம்புவதில்லை. விடை சரியாயிருப்பினும், அவன் கணக்கை அறிந்து செய்தானா, அயலவன் தாளைப் பார்த்து எழுதினானா என்பது தெரியாதன்றோ? கணினியும் அத்தகைய மாணவனே.

2016 இல் ஒரு புகழ்பெற்ற ஆராய்ச்சி வெளிவந்தது. பதினான்கு பயிர்களின் 54,306 இலைப்படங்களை வைத்து நிகழ்ந்த அவ்வாராய்ச்சியில், அதே தொகுதியிலிருந்து ஒதுக்கிவைத்த படங்களைக் காட்டியபோது கணினி நூற்றுக்கு 99.35 வீதம் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியதும் அது சுமார் 31 வீதமாக வீழ்ந்தது. 2022 இல் மற்றொருவர் அதே தொகுதியை ஆராய்ந்தார். இலையை விட்டு, படத்தின் பின்னணியிலிருந்து எட்டே எட்டுப் புள்ளிகளை மட்டும் கணினிக்குக் கொடுத்தார். அப்போதும் அது 49 வீதம் சரியாகச் சொல்லிற்று! கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 38 க்கு ஒன்றுதான் சரியாகும். ஆகவே, நோயோடு தொடர்பற்ற பின்னணியே விடையைக் காட்டிக்கொடுக்கக்கூடிய தொகுதி அது என்பது வெளியாயிற்று.

இக்குறையை அறியவே, கணினியைச் ‘செய்முறை காட்டு’ என்று கேட்கும் முறைகள் தோன்றின. படத்தின் ஒவ்வொரு பகுதியையும் மாறிமாறி மறைத்து, எதை மறைக்கும்போது விடை தளர்கிறது எனப் பார்ப்பது ஒரு முறை. விடைக்குக் காரணமான இடத்தை நிறமிட்டுக் காட்டுவது மற்றொன்று. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆர்த்தி சிங், பாஸ்கர் கணபதிசுப்பிரமணியன் முதலியோர் 25,000 க்கும் மேற்பட்ட சோயா இலைப்படங்களைக் கொண்டு 2018 இல் இவ்வழியில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கணினி சுட்டிய இடங்களை, பயிர்நோய் வல்லுநர் குறித்த இடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தமையே அதன் சிறப்பு.

படுவான்கரை உழவனுக்கு இதனால் வரும் பயன் என்ன? ‘எரிபந்தம்’ என்று சொல்லும் கணினி, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் கபில நிறமுமுள்ள கண்வடிவப் புள்ளியைச் சுட்டினால், அதற்குச் செவிசாய்க்கலாம். வரம்பையோ, இலையைப் பிடித்த விரலையோ சுட்டினால், அவ்விடையைத் தள்ளிவிடலாம்.

எனினும், நிறமிட்ட படம் கணினி எங்கே பார்த்தது என்பதைக் காட்டுமேயன்றி, பயிருக்கு நேர்ந்த காரணத்தை மெய்ப்பிக்காது. உவரை அறிய நீரையும் மண்ணையும் சோதிக்கவேண்டும். அறக்கொட்டியோ நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தூரில் ஒளிந்திருப்பது. இலையின் படத்தில் அது அகப்படாது. வயலில் இறங்கி, தூரை விலக்கிப் பார்க்கும் கண்ணுக்கே அது தென்படும். காரணம் சொல்லும் கருவி அக்கண்ணுக்குத் துணையாகலாம், அதற்கு மாற்றாகாது.